வலது கால் கியர்

மறுப்பதற்கென்றே எஸ்டேட் மேனேஜர்கள் சில வாக்கியங்களை வைத்திருக்கிறார்கள். அவற்றில் முடியாது என்ற சொல் மட்டும் இருக்காது. "பார்க்கலாம்" என்பது ஒன்று. "மேலே எழுதிக் கேட்கிறேன்" என்பது இன்னொன்று. சின்னக்கானல் பக்கத்துத் தேயிலை எஸ்டேட் ஒன்றின் மேனேஜர் அழகுத்தாயிடம் சொன்னதும் இந்த வகைதான். "சொந்த வண்டியில, முறையான பேப்பரோட, நாலு டிவிஷனுக்கும் நீயே போய் வர முடிஞ்சா, பழைய வேலையைப் பத்திப் பேசலாம்."

ஆபீஸ் வாசலில் நின்றிருந்த அத்தனை பேருக்கும் இது மறுப்பு என்று விளங்கியது. அழகுத்தாய்க்கு மட்டும் நிபந்தனை என்று விளங்கியது. சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்கிறவர்களை வெகுளி என்பார்கள். அவர்களால் வருகிற தொல்லை கெட்டிக்காரர்களால் வருவதில்லை.

பழைய வேலை என்பது கொழுந்து வெட்டும் மிஷின்களைப் பழுது பார்ப்பது. இப்போது கையால் கிள்ளுவது குறைந்துவிட்டது. செடி வரிசையின் இருபுறமும் இரண்டு பேர் பிடித்து நடக்கிற ஜப்பான் மிஷின் வந்துவிட்டது. அதில் ஒரு சின்ன டூ ஸ்ட்ரோக் இஞ்சின் இருக்கும். நாற்பத்திரண்டு வயதான அழகுத்தாய் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள்; அந்த இஞ்சினைப் பிடித்து நடந்த முதல் வருஷமே அது ஏன் நிற்கிறது என்று யோசிக்கத் தொடங்கினாள். இரண்டாம் வருஷம் மற்ற ஜோடிகளின் மிஷினும் அவளிடம் வந்தது. மூன்றாம் வருஷம் நான்கு டிவிஷனுக்கும் அவளே மிஷின் ஆள் ஆனாள். பையில் ஸ்பேனரைப் போட்டுக்கொண்டு நடந்தும், கொழுந்து டிராக்டரில் தொற்றியும் போய் வருவாள்.

அந்த டிராக்டரின் டிரெய்லர்தான் ஒரு மழை நாளில் கவிழ்ந்தது. இடது கணுக்காலில் தகடு வைத்து ஆணி அடித்தார்கள். எலும்பு சேர்ந்தது, கணுக்கால் மடங்குவதை நிறுத்திக்கொண்டது. மெதுவாக நடக்கலாம், அதுவும் சமதளத்தில். சின்னக்கானலில் சமதளம் என்று ஒன்று இருந்தால் அதில் ரிசார்ட் கட்டியிருப்பார்கள். எஸ்டேட் அவளைக் கைவிடவில்லை. பிள்ளைக் காப்பகத்தில் உட்கார வைத்தது. பதினொரு பிள்ளைகள், ஏற்கெனவே இரண்டு ஆயாக்கள். அழகுத்தாய் மூன்று பெற்று வளர்த்தவள். ஊரார் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதில் அவளுக்குத் துளியும் ஆசை கிடையாது.

"பிள்ளை அழுதா எதுக்கு அழுவுதுன்னு எனக்குத் தெரிய மாட்டேங்குது. மிஷின் அழுதா தெரியும்" என்று கணவன் சங்கையாவிடம் சொன்னாள்.

சங்கையா ஒரு ரிசார்ட்டில் வாட்ச்மேன். வருகிறவர்களுக்கெல்லாம் கேட்டைத் திறந்து சல்யூட் வைப்பது தொழில். அதனாலோ என்னவோ, எதற்கும் குறுக்கே நிற்கிற பழக்கம் அவரிடம் இல்லை.

"சைடு வீல் வச்ச ஸ்கூட்டர் கிடைக்குதாம். பஞ்சாயத்துல எழுதிக் குடுத்தா சும்மாவே தருவாங்களாம்."

"மூணாம் டிவிஷன் ரோட்ல அந்தச் சின்னச் சக்கரம் ஏறுமா? கல்லுக்கு ஒரு சக்கரம், பள்ளத்துக்கு ஒரு சக்கரம்னு தனித்தனியா நிக்கும். எனக்கு வண்டி வேணும்ங்க. தள்ளுவண்டி வேண்டாம்."

சாந்தன்பாறையில் ஒரு ஏலக்காய் ஸ்டோரின் பின்பக்கம் பழைய சுசுகி ஒன்று சாக்கு போர்த்திக் கிடந்தது. நூறு சிசி, டூ ஸ்ட்ரோக், அந்தக் காலத்துச் சரக்கு. சிலிண்டரில் ஜப்பான் என்று வார்ப்பிலேயே இருந்தது. டேங்க் துருப்பிடித்து, சீட்டில் எலி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. ஆர்.சி. புக் மட்டும் சுத்தம். ஸ்டோர் முதலாளி அதை விற்றது வண்டியாக அல்ல, இடைஞ்சலாக. அழகுத்தாய் முதலில் புக்கைத் தன் பேருக்கு மாற்றினாள், புதுப்பித்தாள், பிறகுதான் ஒரு நட்டைக் கழற்றினாள். இந்த வரிசையில் வேலை செய்கிற மெக்கானிக் அந்த மலையில் வேறு யாரும் இல்லை.

எஸ்டேட் தொழிலாளர்களின் லயத்து வீடு என்பது ஒரு அறை, ஒரு அடுப்படி, முன்னால் ஒரு ஒட்டு வராந்தா. சேசிஸ் வராந்தாவில், இஞ்சின் அடுப்படியில், மீதி கட்டிலடியில். அடுத்த வீட்டு செபமாலையம்மாள் தினமும் காலையில் எட்டிப் பார்த்து ஒரு கேள்வி கேட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போவாள்.

"ஏத்தா அழகு, இன்னைக்கு ரசத்துல என்ன, பிஸ்டனா?"

"பிஸ்டன் நேத்தே ஆயிப்போச்சுக்கா. இன்னைக்கு செயின்."

"நடக்க மாட்டாத காலை வச்சுக்கிட்டு உனக்கு எதுக்குடி மோட்டார் சைக்கிளு?"

"நடக்க முடிஞ்சா எதுக்குக்கா மோட்டார் சைக்கிளு?"

செபமாலையம்மாள் வேலைக்குக் கிளம்பினாள். மறுநாளும் அதே கேள்வியைக் கேட்டாள்.

லயத்தில் ஒர்க் ஷாப் நடத்தக் கூடாது என்று எஸ்டேட் ஆபீஸிலிருந்து ஒரு தாள் வந்தது. அழகுத்தாய் அந்தத் தாளின் பின்பக்கத்திலேயே பதில் எழுதினாள்: ஒர்க் ஷாப் என்றால் மற்றவர் வண்டியைப் பழுது பார்ப்பது, இது என் வண்டி, என் வீட்டில் என் பாத்திரத்தை நான் விளக்குவது போல. கீழே கையெழுத்து, தேதி. ஆபீஸிலிருந்து அதற்கு மறுதாள் வரவில்லை. பாத்திரம் விளக்குவதைத் தடுக்க விதி எதுவும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை போலும்.

இஞ்சின் வேலை அவளுக்குப் பழக்கம். கிராங்க் பேரிங் மாற்றுவதற்கு இஞ்சின் உறையைச் சூடு பண்ணி விரிய வைக்க வேண்டும், பேரிங்கைக் குளிரவிட்டுச் சுருங்க வைக்க வேண்டும். சூட்டுக்கு அடுப்பு இருந்தது. குளிருக்கு ரிசார்ட் சமையலறையின் பெரிய ஃப்ரீசர்தான் இருந்தது. சங்கையா பேரிங்குகளைச் செய்தித்தாளில் சுற்றி மீன்களுக்கு நடுவே வைத்துவிட்டு வந்தார். தலைமைச் சமையல்காரர் ஒரு நெய்மீனோடு பேரிங்கையும் சேர்த்து எடுத்து, இது எந்த நாட்டு உணவு என்று விசாரணை வைத்தார். சங்கையா தன் வாழ்நாளில் முதல் தடவையாக மேலதிகாரி ஒருவரிடம் எதிர்த்துப் பேசினார். "அது எங்க வீட்டுது சார். குடுங்க." குளிர் விடுவதற்குள் ஓட்டமாக வந்து சேர்ந்தார்.

வண்டி ஓடுவது பிரச்சினை இல்லை. அவள் அதை ஓட்டுவதுதான் பிரச்சினை. எல்லா வண்டியிலும் கியர் இடது காலில் இருக்கிறது. விரலால் தூக்க வேண்டும், அமுக்க வேண்டும், எந்தக் கியரில் நிற்கிறது என்பது பாதத்துக்குத் தெரிய வேண்டும். அவளுடைய இடது பாதத்துக்கு எதுவும் தெரியாது. ஒரு வாரம் வராந்தாவில் முக்காலி போட்டு உட்கார்ந்து, வெறும் சேசிஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஜீப்பில் கொழுந்துச் சாக்குகள் ஏற்றிப் போக வந்த யாக்கோபைப் பிடித்தாள். யாக்கோபு பூப்பாறையில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர், ஜீப்பும் சொந்தம்; பேச்சில் மலையாளம் கலந்திருக்கும்.

"அண்ணே, பிரேக் மிதிக்கிறது முழங்காலோட வேலை. கியர் போடுறதுதான் கணுக்காலோட வேலை. என் இடது முழங்கால் நல்லாத்தான் இருக்கு."

"அதுக்கு?"

"கியரை வலது பக்கம் கொண்டு போயிரலாம். பிரேக்கை இடது பக்கம் கொண்டு வந்திரலாம். இஞ்சினுக்கு அடியில குறுக்க ஒரு குழாய், அதுக்குள்ள ஒரு தண்டு. அவ்வளவுதான்."

யாக்கோபு தாடையைச் சொறிந்தார். "பண்டு காலத்து புல்லட்டெல்லாம் அப்படித்தானே இருந்தது. போலீஸ்காரங்களே வலது காலில் கியர் போட்டு ஓட்டினாங்க, கேட்டோ."

"அப்ப அவங்களுக்கு எந்தக் காலு மோசம்னு யாரும் கேட்கலைல்ல?"

குழாய் பட்டறையில் பற்றவைக்கப்பட்டது, மற்றதெல்லாம் வராந்தாவில். தண்டு முதல் தடவை வளைந்தது, இரண்டாம் தடவை கியர் தலைகீழாக விழுந்தது, மூன்றாம் தடவை சரியாக வந்தது. சீட்டை நான்கு விரல் இறக்கினாள். பின்னால் கேரியருக்குப் பதில் மிஷின் சாமான்கள் வைக்க இரும்புப் பெட்டி. முன் மட்கார்டு சேற்றுக்குத் தோதாக உயர்ந்தது. பார்வைக்கு அந்த வண்டி அழகு என்று சொல்ல முடியாது. முடிவெடுத்துவிட்ட ஆளைப் போல இருந்தது.

லயத்துக் களத்தில் ஓட்டிப் பழகினாள். மூன்று தடவை விழுந்தாள். மூன்று தடவையும் வலது பக்கம், நல்ல கால் பக்கம்தான் விழுந்தாள் என்பதை செபமாலையம்மாள் கவனித்துச் சொன்னாள். "கெட்ட காலுக்கு இருக்கிற புத்தி நல்ல காலுக்கு இல்லையேடி."

அடுத்தது பேப்பர். இதில்தான் அழகுத்தாய் ஊரோடு முரண்பட்டாள். அந்த மலையில் மாற்றிக் கட்டிய வண்டி எத்தனையோ உண்டு. ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்டுகிற அன்று மட்டும் எல்லாம் பழையபடி ஆகிவிடும், மறுநாள் மறுபடி மாறிவிடும். யாக்கோபும் அதையே சொன்னார்.

"ஒரு நாளைக்குக் கழற்றி வைப்போம். காட்டிட்டு வந்து மாட்டிக்கோ. எல்லாரும் செய்யறதுதானே."

"அப்ப புக்குல இருக்கிற வண்டி வேற, நான் ஓட்டுற வண்டி வேறயா? மேனேஜர் துரை முறையான பேப்பருன்னு சொல்லியிருக்காருண்ணே."

"துரை அது சும்மா சொன்னதாக்கும்."

"நான் சும்மா கேட்கலை."

உடல் குறைக்காக மாற்றிய வண்டி என்று புக்கில் ஏற வேண்டுமானால் டாக்டர் சர்டிபிக்கேட் வேண்டும். கால் சரியில்லை என்று நிரூபித்தால்தான் வண்டி. கால் ஒரு தடையில்லை என்று நிரூபித்தால்தான் வேலை. இரண்டுக்கும் ஒரே கால். டாக்டர் ஊனம் நாற்பது சதவீதம் என்று எழுதிவிட்டு ஆறுதலாக ஏதோ சொல்ல வாயெடுத்தார். அழகுத்தாய் முந்திக்கொண்டாள். "வலது கால் நல்லாயிருக்குன்னும் எழுதுங்க சார்." அப்படி எழுதுகிற வழக்கம் இல்லை என்றார். "நாற்பதுன்னு எழுதுனா மிச்ச அறுபது யாருக்கும் தெரியாது சார்." கடைசியில் எழுதினார்.

ஆபீஸில் வண்டியைக் காட்டவும் லைசென்ஸுக்கு எட்டுப் போட்டுக் காட்டவும் ஒரே நாள் கிடைத்தது. சிவப்பு எல் ஒட்டிய வண்டியில் அழகுத்தாய் முன்னால், சங்கையா பின்னால், அவர் மடியில் பிளாஸ்டிக் உறைக்குள் காகிதங்கள். யாக்கோபு ஜீப்பில் பின்தொடர்ந்தார்.

பூப்பாறை இறக்கம் நீண்ட இறக்கம். இறக்கத்தில் பெட்ரோல் எரிப்பதை மலைக்காரர்கள் பாவமாக நினைப்பார்கள். பெட்ரோல் டேப்பை மூடி, சாவியை அணைத்து, கியரிலேயே விட்டால் இஞ்சின் பிரேக்கைப் போலப் பிடித்துக்கொள்ளும். வண்டி சத்தமில்லாமல் இறங்கும். ஜீப், பைக், ஆட்டோ எல்லாம் அப்படித்தான் இறங்கும். அழகுத்தாயும் டேப்பை மூடினாள்.

மற்ற வண்டிகளில் இஞ்சின் எண்ணெய் தனியாக இருக்கும்; டூ ஸ்ட்ரோக்கில் அது பெட்ரோலோடு கலந்தே போகிறது. பெட்ரோலை மூடினால் எண்ணெயையும் மூடியதாகும். நான்கு டிவிஷனில் இதை அவளைவிட நன்றாக அறிந்தவர் கிடையாது. ஆனால் அவள் அறிந்த இஞ்சின்கள் இரண்டு பேர் தூக்கிப் போகிற இஞ்சின்கள். அவை தாமாக எந்த இறக்கத்திலும் இறங்கியதில்லை. ஏழாவது வளைவைத் தாண்டியதும் பிஸ்டன் வறண்டு சிலிண்டரைக் கவ்விப் பிடித்தது. பின் சக்கரம் நின்றது, வண்டி கோடு இழுத்துக்கொண்டு சறுக்கியது. அவள் கை தானாகக் கிளட்ச்சைப் பிடித்தது. ஓரத்துத் தேயிலைச் செடிக்கு ஒரு முழம் முன்னால் நின்றார்கள். சங்கையா பிளாஸ்டிக் உறையை மட்டும் விடவில்லை.

யாக்கோபு ஜீப்பிலிருந்து இறங்கி வந்தார். "கழிஞ்சது. பிஸ்டன் பிடிச்சிருச்சு. ஜீப்ல ஏத்து, இன்னொரு நாள் பார்ப்போம்."

அழகுத்தாய் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து மூடிய டேப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் வருத்தத்தைவிட வெட்கம் அதிகம்.

"நான் பண்ணுன தப்பு. ஊருல எல்லாரும் மூடுதாகன்னு நானும் மூடிட்டேன்."

"தாயி, ஜீப்ல போயிருவோமா?" என்றார் சங்கையா.

"ஜீப்ல கொண்டு போயி, இது ஓடுற வண்டின்னு எப்படிங்க சொல்லுறது?"

இஞ்சின் ஆறும்வரை காத்திருந்தார்கள். பிளக்கைக் கழற்றி, துளை வழியாக எண்ணெய் விட்டு, கடைசிக் கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் அசைத்தார்கள். நாற்பது நிமிஷம் கழித்துச் சக்கரம் ஒரு விரல் நகர்ந்தது. பிறகு இரண்டு விரல். பிறகு விட்டது. உதைத்ததும் இஞ்சின் பிடித்தது, ஆனால் உள்ளே ஒரு லொடலொடப்பு. மீதி இறக்கத்தை டேப்பைத் திறந்து, அவ்வப்போது ஆக்சிலேட்டரைத் திருகிக்கொண்டே இறங்கினாள். பின்னால் வந்த ஜீப் முழுக்கப் புகை.

ஆபீஸை அடைந்தபோது மற்றவர்கள் எட்டுப் போட்டு முடித்திருந்தார்கள். இன்ஸ்பெக்டர் ஒருமுறை வண்டியைச் சுற்றி வந்தார். தமிழும் மலையாளமும் கலந்து பேசுகிறவர்.

"சேச்சி, மாற்றுறதுக்கு முன்னாடி பெர்மிஷன் எடுக்கணும். மாற்றிக் கழிஞ்சு அல்ல."

"மாத்தாம எதைக் காட்டிப் பெர்மிஷன் கேட்கறது சார்? வேணும்னா இங்கயே பிரிச்சுப் போட்டுட்டு உங்ககிட்ட கேட்டுட்டு மறுபடி மாட்டுதேன். ஸ்பேனர் கொண்டாந்திருக்கேன்."

இன்ஸ்பெக்டர் இரும்புப் பெட்டியைத் திறந்து பார்த்தார். ஸ்பேனர்கள் இருந்தன. அவர் பத்து வருஷமாக ஒளித்து வைக்கிறவர்களைத்தான் பிடித்திருக்கிறார்; தேடி வந்து ஒப்புக்கொள்கிறவளை என்ன செய்வது என்று அவருக்குப் பழக்கமில்லை. பதிலுக்கு நேரம் எடுக்க, "நான் ஒண்ணு ஓட்டி நோக்கட்டே" என்று ஏறி உட்கார்ந்தார்.

மைதானத்தின் பாதி வரை நன்றாகத்தான் போனார். வளைவில் பிரேக் என்று நினைத்து வலது காலை அழுத்தினார். வண்டி முதல் கியருக்கு விழுந்து ஒரு குதி குதித்தது. பதறி மறுபடி அதையே மிதித்தார். ஆபீஸ் செம்பருத்தி வேலிக்குள் முன் சக்கரம் போய் நின்றது. இரண்டு காலும் நூறு சதவீதம் உள்ளவர் இறங்கி, சட்டையில் ஒட்டிய இலைகளைத் தட்டிக்கொண்டார்.

"இது அபகடம் சேச்சி. வேற ஆள் ஓட்டினா விழுவாங்க."

"வேற ஆள் எதுக்கு சார் ஓட்டணும்?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை, ஆனால் கோபப்படவும் இல்லை. "எட்டுப் போடுங்க" என்றார். அவள் போட்டாள். எட்டைச் சுற்றி நட்டிருந்த ஒரு கம்பியும் விழவில்லை, கால் தரையில் ஊன்றவில்லை. லொடலொட என்ற சத்தத்தோடு எட்டுக்குள் மூன்று தடவை சுற்றினாள். கேட்டது ஒரு தடவைதான். அவர் குனிந்து எழுதியது: கியர் வலது, பின் பிரேக் இடது, உரிமையாளர் மட்டும் ஓட்டத்தக்கது. புக் ஏறி வர ஆறு வாரம் ஆனது. அதற்குள் சிலிண்டர் வெளியே கடைசல் பிடிக்கப்பட்டு வந்து, அடுப்படியில் புது பிஸ்டன் ஏறியது.

புக்கையும் லைசென்ஸையும் மற்றக் காகிதங்களோடு மேனேஜர் மேஜையில் வைத்தாள். அவர் பக்கம் பக்கமாகப் பார்த்தார். கடைசியில் சர்டிபிக்கேட் வந்தது. நிம்மதியானார்.

"இதில நாற்பது சதவீதம்னு போட்டிருக்கே. அரசாங்க டாக்டரே எழுதியிருக்கார். உன்னை நான் எப்படி மலைக்கு அனுப்ப முடியும்?"

"அந்தப் பேப்பர் இல்லாம வண்டி கிடையாது துரை. வண்டி இல்லாம வேலை கிடையாதுன்னு நீங்கதான் சொன்னீங்க."

"நான் மேலே எழுதிக் கேட்கறேன். அதுவரைக்கும் காப்பகத்தில இரு."

மழை விட்டு வெயில் அடித்த மாதம் அது. கொழுந்து ஒரே மூச்சில் வெடித்து வந்துகொண்டிருந்தது. மூன்று நாள் தவறினால் இலை முற்றிவிடும். மறுநாள் காலை அழகுத்தாய் காப்பகத்துக்குப் போகவில்லை. மூன்றாம் டிவிஷன் ஏற்றத்தில், கல்லும் பள்ளமுமாய், இரண்டாம் கியரில் ஏறினாள். மேலே போனபோது ஆறு மிஷினில் நான்கு வரிசையாகச் செடி மேல் படுத்திருந்தன. பெண்கள் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சூப்ரவைசர் பாண்டி போனில் யாரிடமோ மெக்கானிக் கேட்டு மன்றாடிக்கொண்டிருந்தான். நாளை மறுநாள் வருவானாம்.

"யக்கா, நீ எப்படி இங்க வந்த?"

"வண்டியில. நகரு தம்பி."

ஒரு மணி நேரத்தில் நான்கையும் பார்த்தாள். ஒன்றில் கார்பரேட்டர் அடைப்பு, ஒன்றில் ஸ்டார்ட் பண்ண இழுக்கிற கயிறு அறுந்தது, மற்ற இரண்டில் எண்ணெய் கூடிப் பிளக் கரியாகியிருந்தது. எல்லாம் துடைத்து முடித்த பிறகு, நான்கு பிளக்கையும் மாட்டாமல் தன் கையில் வைத்துக்கொண்டு கல்லில் உட்கார்ந்தாள்.

"என்னக்கா, மாட்டு."

"பேரு போடு தம்பி."

எஸ்டேட்டில் ஒருவர் வேலை செய்தார் என்பதற்கு, செய்த வேலை சாட்சியில்லை. சூப்ரவைசரின் நோட்டில் பேர் விழுந்தால்தான் அந்த நாள் உண்டு. பாண்டி பின்வாங்கினான்.

"துரை என்னைத் தொலைச்சிருவாருக்கா. உன் பேரு காப்பகத்துலல்ல இருக்கு."

"அப்ப பிளக்கும் காப்பகத்துலயே இருக்கட்டும்."

கீழே ரோட்டில் மேனேஜரின் ஜீப் ஏறுகிற சத்தம் கேட்டது. பாண்டி ஜீப் வரும் திசையைப் பார்த்தான், படுத்துக் கிடந்த நான்கு மிஷின்களைப் பார்த்தான், முற்றத் தொடங்கிய கொழுந்தைப் பார்த்தான். நோட்டைத் திறந்து அவசரமாக எழுதிக் காட்டினான்.

அழகுத்தாய் நோட்டை வாங்கி உற்றுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"பென்சில்ல எழுதியிருக்க."

ஜீப் கடைசி வளைவில் திரும்பியது. பாண்டி சட்டைப்பையைத் தடவினான், கால்சட்டைப்பையைத் தடவினான். வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருத்தி, ஆனந்தி, தன் சாப்பாட்டுப் பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து நீட்டினாள். மேனேஜர் ஜீப்பை விட்டு இறங்கிச் செடிகளுக்கிடையே நடந்து வரும்போது, பாண்டி பென்சில் எழுத்தின் மேலேயே நீல மையால் அழுத்தி எழுதிக்கொண்டிருந்தான்: அழகுத்தாய், மிஷின்.

அவள் எழுந்து முதல் பிளக்கைத் திருகி இறுக்கி, கயிற்றை இழுத்தாள். இஞ்சின் பிடித்தது. மேனேஜர் ஏதோ கேட்டார், சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அவள் அடுத்த மிஷினுக்குப் போனாள்.